உன் பக்கமா மடி

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. டாக்டர் சொன்ன ஆட்டிசம் என்ற சொல்லை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. எண்பதுகளில் அவர்களுக்குத் தெரிந்த காரணங்கள் மூன்றுதான்: கண்திருஷ்டி, செல்லம், டிவி. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் செய்யாமல் இருந்தேன்.

கிள்ளானில் இருக்கும் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு போனில் அழைத்தார்.

"நிச்சயத்துக்கு அவளையும் கூட்டிட்டு வா. ஒழுங்கா இருந்தா கல்யாணத்துக்கும் வரட்டும். இல்லன்னா பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட விட்டுட்டு வந்துடு லா."

விட்டுவிட்டு வர அவள் என்ன பூனையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கல்யாணப் பெண் என்றால் என் மகளுக்கு உயிர். அந்தக் கல்யாணத்தை அவள் பார்த்தே ஆக வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு பயிற்சியில் இறங்கினேன்.

வீட்டில் தினமும் வாழை இலைச் சாப்பாடு. என் வீட்டுக்காரர் ரொட்டி சானாயைக்கூட இலையில்தான் சாப்பிட்டார். நல்ல காரியத்தில் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில். "உன் பக்கமா மடி" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அவளுக்கு அது பிடித்துப்போய், பாதி சாப்பாட்டிலேயே அப்பாவின் இலையையும் மடிக்க ஆரம்பித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தப் பந்தியில் சமர்த்தாகச் சாப்பிட்டாள். அழகாக இலையை மடித்தாள். நான் நிம்மதியாகப் பாயசத்தில் கை வைத்து நிமிர்ந்தால், பக்கத்து நாற்காலி காலி.

மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்கு எதிரே, பரிமாறுகிறவர்கள் நடக்கும் பக்கம் நின்றுகொண்டு, மேசையின் குறுக்கே எட்டி எட்டி ஒவ்வொருவர் இலையையும் மடித்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் அப்பா வடையை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் அவர் இலை மூடிவிட்டது. அத்தனையும் துக்க வீட்டு மடிப்பு.

மாப்பிள்ளையின் அத்தை கொதித்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா இப்படியா மடிக்கிறது? பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"தந்தேனே அக்கா. உன் பக்கமா மடின்னு சொன்னேன். அவ பக்கமாத்தான் மடிச்சிருக்கா. இங்க வந்து நின்னு பாருங்க."

அத்தை அசையவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வடையும் கையுமாக எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு" என்றார். "எங்க பக்கம் வாம்மா. அங்க நின்னு மடி."

நான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஒவ்வோர் இலையையும் விரித்து, நீவி, முறையாக மடித்தாள். அத்தை மட்டும் இரண்டு கையாலும் தன் இலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பாயசம் பாக்கி.

கை கழுவும் இடத்துக்கு அண்ணி வந்தார். முகத்தை இன்னும் தூக்கி வைத்தபடிதான் இருந்தார்.

"கல்யாணத்துல எந்தப் பந்தியில உட்காருவீங்கன்னு இப்பவே சொல்லிடு. நான் வேற பந்தியில சாப்பிட்டுக்கிறேன்."

வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

"முதல் பந்தி, அண்ணி" என்றேன். "நாங்க மூணு பேரும்."