மாரித்தின் அம்மா எழுதியதை நான் அழித்த கதை

1. தெரியாது என்று சொன்னேன்

“இந்தப் புத்தகங்கள் உங்களிட்டை வரேக்கையே இப்பிடித்தான் துப்புரவா இருந்ததோ?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

எனக்கு நன்றாகத் தெரியும். துப்புரவாக்கியதே நான்தான்.

ஒஸ்லோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். எத்தனையோ முட்டாள்தனங்கள் செய்திருக்கிறேன், பெரும்பாலானவற்றை மறந்தும் விட்டேன். இது மட்டும் மறக்கவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு காலம். அதற்கு முன் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை. முதுகு போய்விட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என்னை இந்தக் கடைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதலாளிக்குப் பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அந்த ஆறு மாதமும் ஹவுகன்ஸ்டுவாவில் ரயில் ஏறும்போதெல்லாம் ‘இண்டைக்குப் பிழை ஒண்டும் விட்டிடாதை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

முதலாளியின் பெயர் ஒட்வார். அறுபது வயது, உயரமான ஆள், பேச்சு மிகக் குறைவு. நோர்வே மொழியில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், தகப்பனையும் நீ என்றுதான் கதைக்க வேண்டும். தமிழில் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்கள் கதைத்ததை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

2. மலைநாட்டுப் பெட்டிகள்

ஒரு வயதானவர் மனைவி இறந்தபின் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன இடத்துக்குப் போனார். அவருடைய புத்தகங்களை ஒட்வார் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு பெட்டி முழுக்க ஆங்கிலப் புத்தகங்கள்.

“இது அப்பலாச்சியா. அமெரிக்காவிலை கிழக்குப் பக்கத்து மலைநாடு” என்றார் ஒட்வார். “அங்கத்தைச் சின்னச் சின்ன அச்சகங்கள் போட்ட புத்தகங்கள். ஒஸ்லோவிலை இதை ஆர் வாங்கப்போகினமோ தெரியாது. துடைச்சு விலை போட்டு வை.”

சொல்லிவிட்டு அவர் பேர்கனில் நடந்த ஒரு புத்தகச் சந்தைக்கு மூன்று நாள் போய்விட்டார்.

நாற்பத்தொரு புத்தகங்கள். மலைப்பூக்களைப் பற்றி ஒன்று, பாம்புகளைப் பற்றி ஒன்று. மரவீடு கட்டுவது, நிலக்கரிச் சுரங்கத்துக் குடியிருப்புகள், குதிரையில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த ஒரு மருத்துவச்சியின் நினைவுகள். பயற்றங்காயை ஊசிநூலில் கோத்து அடுப்புக்கு மேலே காயவிடுகிற படம்கூட இருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரமெல்லாம் பென்சில். மேலே, கீழே, வரிகளுக்கு நடுவிலேயும்.

எனக்கு வந்ததே கோபம்! புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை அடுக்கிப் பூ வைக்கிறவர்கள். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் ஒரு கோழிக்குஞ்சு கீறியதற்கு ஆசிரியை என்னை வெயிலில் முழங்காலில் நிறுத்தினவா. இங்கே யாரோ ஒரு ஆள் நாற்பத்தொரு புத்தகத்திலும் கிறுக்கி வைத்திருக்கிறது! இதையெல்லாம் அழித்து, புதுப் புத்தகம் போல ஆக்கி, ஒட்வாரை அசத்திக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

முதல் தாளில் இருக்கும் பழைய விலையை அழிப்பது மட்டும்தான் எனக்குப் பழக்கிய வேலை. உள்ளே இருப்பதை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அழிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பாருங்கோ, அதுதான் வினை. மூன்று நாள் அழிறப்பரும் கையுமாக இருந்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போல நோவு. எனக்கு ஆங்கிலம் அரைகுறை, கையெழுத்து வாசிக்கவே வராது. ‘நோ’, ‘நோ’, ‘பிழை’ என்று அடிக்கடி வந்தது மட்டும் கண்ணில் பட்டது. ஆரோ ஒரு சண்டைக்காரி என்று சிரித்துக்கொண்டே அழித்தேன்.

ஒட்வார் வந்து பார்த்தார். புத்தகங்களின் முதுகுகளைத் தடவி, “வடிவா வந்திருக்கு” என்றார். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

3. திங்கட்கிழமை

மூன்று கிழமை கழித்து அந்தப் பெண் வந்தாள். பெயர் மாரித், முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்தவாங்கர் நகரில் வேலை. ஒட்வார் அன்று கடையில் இல்லை.

“அம்மான்ரை புத்தகங்களை அப்பா எனக்குச் சொல்லாமலே குடுத்திட்டார். எவ்வளவெண்டாலும் பரவாயில்லை, நான் திரும்ப வாங்கப் போறன்” என்றாள்.

நான் சந்தோசத்தோடு புத்தகத் தட்டைக் காட்டினேன். அவள் ஒன்றைத் திறந்தாள். மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தாள். பிறகு வேகவேகமாக நாலைந்து. முகம் வெள்ளைத் தாள் மாதிரிப் போய்விட்டது.

அவளுடைய அம்மா அந்த மலைநாட்டில் பிறந்தவர். நோர்வேக்காரரைக் கட்டி இங்கே வந்து நாற்பது வருடம். தன் ஊரைப் பற்றி மகளுக்கு வாயால் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால் “அங்கை என்ன இருக்கு” என்று விட்டுவிடுவாராம். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் இந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினவர்களோடு பென்சிலால் சண்டை பிடிப்பாராம். அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்தது அந்த ஓரங்களில் மட்டும்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

“அப்பாதான்” என்றாள் மெல்ல. “எழுதினால் விக்கேலாது எண்டு அம்மாவைப் பேசிக்கொண்டே இருப்பார்.”

அந்த இடத்திலேயே கைபேசியை எடுத்தாள். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

“ஏன் அப்பா அழிச்சனீங்கள்?... பொய் சொல்லாதேங்கோ. பின்னை ஆர் அழிச்சது? வீட்டிலை வேறை ஆர் இருந்தது?... வேண்டாம். இனி எனக்கு எடுக்காதேங்கோ.”

அழைப்பை வெட்டிவிட்டாள். வியாழக்கிழமை ஒட்வாரைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் பின்னறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

4. வீட்டில்

அன்று பின்னேரமே என் மனுசனிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டு இருந்தார்.

“இஞ்சை பாரும், வெள்ளிக்கிழமை உமக்கு நிரந்தரப் பத்திரம் கையெழுத்து வைக்கினம். இப்ப போய் வாயைத் திறக்கப் போறீரோ?”

“அந்த மனுசனெல்லோ பழி சுமக்குது.”

“தகப்பனும் மகளும் இண்டைக்குக் கோவிச்சு நாளைக்குச் சேருவினம். உமக்கு இன்னொரு வேலை ஆர் தருவினம்? முதுகும் ஏலாது.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. எனக்கும் அதுதான் புத்தி என்று பட்டது. செவ்வாய் போனது, புதன் போனது. ஆனால் கடையில் தொலைபேசி அடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கிழவர்தான் கூப்பிடுகிறாரோ என்று பயந்தேன். செய்யாததைச் செய்யவில்லை என்று சொன்னதற்கு மகள் பொய்யன் என்கிறாள். மனைவியும் போய்விட்டாள். அந்த மனுசன் யாரிடம் போய்ச் சொல்லும்?

5. வியாழக்கிழமை

மாரித் வந்தாள். ஒட்வாரும் இருந்தார். அவள் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியெல்லாம் அன்று என்னைக் கைவிட்டுவிட்டது.

“நான்தான் அழிச்சனான். உங்கடை அப்பா இல்லை. அண்டைக்கு நான் பொய் சொன்னனான்.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “எல்லாத்தையுமோ?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓம். எல்லாத்தையும்.”

அவள் வெளியே போனாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். மழைக்குள் நின்று தகப்பனோடு தொலைபேசியில் கதைத்தாள், ஒரு கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து. நானும் உள்ளே நின்று அழுதேன்.

ஒட்வார் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். “அழிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லித் தரேல்லை. அது என்ரை பிழை. பொய் சொன்னது உன்ரை பிழை” என்றார். வெள்ளிக்கிழமை பத்திரம் வரவில்லை. பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

6. சரிந்த வெளிச்சம்

மாரித் திரும்பி உள்ளே வந்தபோது ஒட்வார் ஒரு புத்தகத்தைத் திறந்து, மேசைவிளக்கை வளைத்துத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்தார். பழைய புத்தகக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை இது. கையெழுத்தை யாராவது அழித்து விற்கிறார்களா என்று இப்படித்தான் பார்ப்பார்கள். பென்சிலின் கரி போனாலும் அழுத்திய தடம் தாளில் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் அந்தத் தடத்தில் நிழல் விழும்.

மாரித் குனிந்து பார்த்து ஒரு சத்தம் போட்டாள். எழுத்து இருந்தது.

சண்டைக்காரிகள் பென்சிலை அழுத்தித்தான் பிடிப்பார்கள், கடவுளே, நன்றி! அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நானும் அவளும் கடையின் பின்னறையில் இருந்தோம். அவள் ஸ்தவாங்கரில் இருந்து விமானம் ஏறி வருவாள், அந்த நாளுக்கு நான் சம்பளம் கேட்கவில்லை. முதலில் அவளே வாசித்து ஒரு கொப்பியில் எழுதினாள். இரண்டாம் கிழமை கொப்பியை என் பக்கம் தள்ளினாள்.

“நீங்கள் எழுதுங்கோ. நான் எழுதினால் தெரியாத இடத்திலை எனக்கு விருப்பமானதை நிரப்பிப் போடுவன். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இருக்கிற எழுத்தை மட்டும்தான் எழுதுவியள்.”

அப்படியே செய்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுவேன், அவள் வாசித்துச் சொல்லுவாள். கரடிகள் வீட்டுப் பக்கம் வருவது அரிது என்று ஒருவர் எழுதிய இடத்தில், ‘எங்கள் வீட்டுக்கு வந்தது. பணியாரத்தைத் தின்றது.’ காட்டுவெங்காயத்தை யாரோ புகழ்ந்த இடத்தில், ‘தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ப் பார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று.’ சுரங்கத்தைப் பற்றிய புத்தகத்தில் ஒரு படத்தின் அடியில், ‘இடமிருந்து மூன்றாவது என் அண்ணன். பெயரைப் போட உங்களுக்கு இடம் இல்லையோ.’ மாரித் அந்தப் பெயரில்லாத மாமாவின் முகத்தை அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்படி ஒருவர் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

எல்லாம் கிடைக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் கூட என்று சொல்லலாம். நான் கூடுதலாகத் தேய்த்த இடங்களில் தாளின் மேல்தோலே போயிருந்தது.

கடைசிப் புத்தகம் மலைப்பறவைகளைப் பற்றியது. நடுவில் ஒரு பக்கத்தில் தடம் தெரிந்தது. எழுத்தெழுத்தாக எழுதினேன். ஐந்து ஆங்கில எழுத்து வந்ததும் எனக்கே விளங்கிவிட்டது, அது மாரித் என்ற பெயர். அவளும் பார்த்துவிட்டாள். கதிரையை இழுத்துக் கிட்ட வந்தாள். விளக்கை இன்னும் சரித்தேன், தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், விரலால் தடவினேன். பெயருக்குப் பிறகு மூன்று வரி நீளத்துக்குத் தாள் வழுவழுவென்று இருந்தது. அவ்வளவு வடிவாக அழித்திருந்தேன்.

“ஒண்டும் இல்லையோ?”

“இல்லை மாரித். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

என்ன சொல்லித் தேற்றுவது? “அம்மா உங்களைப் பற்றி எழுதினவா எண்டாவது தெரியுதே” என்றேன்.

“அது காணாது” என்றாள்.

பிள்ளைகளே, அவள் சொன்னது சரி. போதாதுதான். உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவே. யாரோ எழுதியதை அழிக்குமுன் கேளுங்கள். கேட்காமல் அழித்துவிட்டால், அன்றைக்கே சொல்லுங்கள். நான் திங்கட்கிழமை சொல்லியிருந்தாலும் அந்த மூன்று வரி வந்திருக்காது. ஆனால் அந்தத் தகப்பன் மூன்று நாள் பொய்யனாக இருந்திருக்க மாட்டார்.

அன்று மாரித் கொப்பியை வாங்கினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை என்பதைப் பார்த்தாள். கொப்பியைத் திருப்பித் தந்து, மூன்று வரி இடம் விடச் சொன்னாள். விட்டேன்.