ஏழாம் எண் படிவம்

தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதத்தில், டில்லியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மத்திய அரசு கவிழ்ந்தபோது, என் அத்தைக்கு எந்த ஊரிலும் வாக்கு இருக்கவில்லை. அவருக்கு இருந்ததை இல்லாமல் ஆக்கியவள் நான். கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல, சட்டத்தை மதித்துச் செய்தது. அதனாலேயே அதைப் பற்றி எழுத இவ்வளவு காலம் ஆயிற்று.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் அப்பாவின் தலைமுறை வரை அனைவரும் அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா கோயம்புத்தூருக்கு வந்து மில்லில் சேர்ந்தார், நான் எம்.ஏ. முடித்து நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அத்தை தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அவர் வாழ்ந்த தெருவில் இருபது குடும்பங்கள், எல்லோரும் கத்தோலிக்கர்கள், எல்லோரும் கூலிக்காரர்கள். குளத்தை ஒட்டிய தாழ்வான இடம் அது. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும். பல ஆண்டு மனுக்களுக்குப் பிறகு, நெடுஞ்சாலையைத் தாண்டி, கருமத்தம்பட்டிப் பக்கமாக அவர்களுக்கு வீட்டுமனை கிடைத்தது. தொண்ணூற்று எட்டாம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் எல்லோரும் புது வீடுகளுக்குக் குடிபோனார்கள். இரண்டு மைல் தூரம்தான். ஆனால் அந்த இரண்டு மைலுக்குள் தாலுகா மாறியது, சட்டமன்றத் தொகுதியும் மாறியது.

பழைய ஊரின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர்கள் அப்படியே இருந்தன. பெயரை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். குடியில்லாத ஊரில் பெயர் இருந்தால் அந்தப் பெயரில் வேறு யாரோ வாக்களிப்பார்கள் என்பது என் கவலை. முந்தைய தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் நகரத்தில் குண்டுகள் வெடித்திருந்தன. அந்தப் பிணங்களுக்குப் பிறகும் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்ததைப் பார்த்தவள் நான். இந்த ஒரு காரியத்தையாவது பழுதில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குள் ஏறியிருந்தது.

புதிய தாலுகா அலுவலகத்தில் விசாரித்தேன். பழைய இடத்தில் பெயர் நீக்கியதற்கு ஆதாரம் கொண்டுவந்தால்தான் இங்கே சேர்ப்போம் என்றார்கள். ஆகவே முதலில் நீக்கல், பிறகு சேர்த்தல். நீக்கலுக்கு ஏழாம் எண் படிவம். சேர்த்தலுக்கு ஆறாம் எண்.

ஞாயிறுதோறும் நான் அத்தையோடு அவர்கள் கோயிலில்தான் பூசை காண்பது. அப்படி ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வராந்தாவில் உட்கார்ந்து படிவங்களை எழுதினேன். அத்தையின் முறை வந்தது.

“ஏங்கண்ணு, அங்க பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது. சோறு கேக்குதா, தண்ணி கேக்குதா?”

“ரெண்டு எடத்துல பேரு இருந்தா தப்புங்கத்தை.”

“இப்ப ஒரு எடத்துலதான இருக்குது?”

“குடியிருக்கற எடத்துலதான் இருக்கோணுமுங்க.”

“அதுக்குள்ள எலக்சன் வந்துபோட்டா?”

“போன வருசந்தான முடிஞ்சுது. இன்னும் நாலு வருசம் இருக்குதுங்க.”

பின்னாலிருந்த ஒரு பெண் சிரித்தபடி, “காலேஜுல படிச்ச புள்ள சொல்லுது, கையெழுத்தைப் போடக்கா. நீ என்ன, எலக்சன்ல நிக்கவா போற?” என்றாள்.

அத்தை சிரிக்கவில்லை. எழுத்தறிவு வகுப்பில் கற்ற தன் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை நீக்கக் கோரும் தாளின் அடியில் எழுதினார். அவருடைய தயக்கம் எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் சொன்னார். தோட்டத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘ஏ புள்ள’, ‘இந்தா’, அல்லது மாமாவின் பெயரைச் சொல்லி ‘அவன் பொண்டாட்டி’. வாக்குச்சாவடியில் மட்டும், மேசையில் இருக்கும் அதிகாரி பட்டியலைப் பார்த்து, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார். தோட்ட முதலாளிகளும் அதே அறையில் கட்சி ஏஜெண்டுகளாக உட்கார்ந்து அந்தப் பெயரைத் தேடி, தங்கள் தாளில் குறித்துக்கொள்வார்கள். அத்தை ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை என்பதற்குக் காரணம் கட்சி அல்ல, அதுதான்.

முப்பத்தெட்டுப் படிவங்கள். மாசி மாதத்துக்குள் அத்தனை பெயர்களும் முறைப்படி நீக்கப்பட்டன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆதாரச் சான்று வரத் தாமதமாயிற்று. நாலு வருடம் இருக்கிறதே என்று நானும் அவசரப்படுத்தவில்லை. நாள் தவறாமல் செய்தித்தாள் படித்தவள் நான். சில ஆண்டுகளுக்குள் எத்தனை பிரதமர்கள் மாறினார்கள் என்று விரல் விட்டுச் சொல்லக்கூடியவள். ஆனாலும் ஐந்து ஆண்டு என்று சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்ததை, கண்ணால் பார்த்ததைவிட அதிகமாக நம்பினேன்.

அரசு கவிழ்ந்த சனிக்கிழமை எனக்கு அரை நாள் பள்ளி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த பேக்கரியில் தொலைக்காட்சியைச் சுற்றிக் கூட்டம். தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு நானும் ஓரமாக நின்றேன். முடிவு வந்தது.

“ஒண்ணா? ஒரே ஒண்ணாங்க?”

“ஒண்ணேதானுங்க. எங்க சொசைட்டி எலக்சன்ல கூட இப்படி இழுத்ததில்லீங்க.”

“அந்த ஒரு ஆளு மட்டும் வவுத்து வலின்னு ஊட்டுல படுத்திருந்தா?”

“படுக்க உட்டிருப்பாங்களாக்கும். கட்டிலோட தூக்கிட்டு வந்து எறக்கியிருப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர், “அப்ப மறுக்கா எலக்சனுங்களா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு அத்தையின் கையெழுத்து நினைவுக்கு வந்தது. பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். டில்லியில் ஒரு வாக்கு குறைந்ததால் ஓர் ஆட்சி போயிற்று. நான் முப்பத்தெட்டைத் துடைத்திருந்தேன்.

அடுத்த வாரமே விடுப்பு எடுத்து, பழைய அலுவலகத்தில் நாள் முழுக்க நின்று சான்றுகளை வாங்கினேன். புதிய அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆறாம் எண் படிவங்களைக் கொடுத்து ரசீதும் பெற்றேன். தேர்தல் செப்டம்பரில் என்று அறிவிப்பு வந்தபோது, நேரம் இருக்கிறது என்று கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆடி மாதம் துணைப்பட்டியலை ஒட்டினார்கள். அந்தத் தெருவில் மூன்று பெயர்கள்தான் ஏறியிருந்தன: கால் ஒடிந்து கட்டு போட்டுப் படுத்திருந்த ஒருவர், பிள்ளை பெற்று ஏழாம் நாளில் இருந்த ஒரு பெண், அவளுக்குத் துணையிருந்த தாய்.

படிவங்களைச் சரிபார்க்க வீடு வீடாக விசாரணைக்கு வந்த அலுவலரைத் தேடிக் கண்டுபிடித்தேன். மிகவும் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“ஏனுங்க மேடம், நான் போகாம இல்லீங்க. ரெண்டு தடவை போனனுங்க. ரெண்டு ஊட்டைத் தவிர பூராவும் பூட்டிக் கெடந்துதுங்க. பூட்டைப் பாத்துப்போட்டு ஆளு குடியிருக்கறாங்கன்னு எப்படிங்க எழுதறது?”

“எத்தனை மணிக்குங்க போனீங்க?”

“பதினொரு மணி இருக்குமுங்க.”

“அந்நேரத்துக்கு எல்லாரும் தோட்டத்துல இருப்பாங்களேங்க. காலைல ஏழு மணிக்கே போயிருவாங்க.”

“ஆபீஸ் நேரம் பத்து மணிக்குத்தானுங்களே மேடம்.”

விசாரணைக்கு ஆள் வரும், ஒருவராவது வீட்டில் இருங்கள் என்று தெருவில் நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பள்ளியைப் போலவே உலகமும் மாலையில் வீட்டுக்கு வருபவர்களுக்காகக் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அப்பா மில்லுக்குப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழுந்திருந்தது என்பதை அந்த டீயைக் குடிக்கும்போது உணர்ந்தேன்.

“அடுத்த திருத்தத்துல பாத்துக்கலாமுங்க மேடம். சனவரியில வந்துருமுங்க,” என்றார் அவர்.

பிரசாரம் தொடங்கியது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகள் அந்தத் தெரு முனையில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போயின. தெருவிளக்குக்கு மனு கொடுக்கப் போனவர்களிடம் யாரோ, “உங்க ஊட்டுல மூணு ஓட்டுத்தானப்பா?” என்று கேட்டிருக்கிறார்கள். இருபது வீட்டுத் தெருவை ஒரு வீடாகப் பேசிய கேலி அது. தெரிந்து சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய ஞாயிறு நான் அத்தை வீட்டில் இருந்தேன். பழைய ஊரிலிருந்து ஒரு கட்சிக்காரர் மொபெட்டில் வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

“அக்கா, பேரு இல்லீன்னு ஊட்டுல உக்காந்துக்காதீங்க. அங்க பழைய லிஸ்டுல உங்க ஓரகத்தி பேரு இன்னும் இருக்குது. அதே வயசு. வேன் அனுப்பறேன், வந்து போட்டுட்டுப் போங்க.”

அத்தையின் ஓரகத்தி, மாமாவின் தம்பி மனைவி, மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தையும் அவரும் ஒரே தோட்டத்தில் ஒரே பாத்தியில் களை எடுத்தவர்கள்.

“அது குற்றமுங்க,” என்றேன் நான். “செத்தவங்க பேர்ல போடறது ஜெயிலுக்குப் போற காரியம்.”

“ஆரு அம்மணி புடிப்பாங்க? அந்தக் கட்சி ஏஜெண்டும் நம்ம பங்காளிதான்,” என்று சிரித்துவிட்டு அவர் மொபெட்டை மிதித்தார்.

அவர் போன பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

“உசுரோட இருக்கறவிய பேரையெல்லாம் அடிச்சயே கண்ணு, அவ பேரை மட்டும் ஏன் உட்ட?”

கையெழுத்துப் போட அவர் இல்லாததால் விட்டேன் என்பதுதான் உண்மை.

வாக்குப்பதிவு அன்று நகரத்தில் என் வாக்கைப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறி, மாலை வெயில் இறங்குமுன் அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இடது ஆள்காட்டி விரலில் மை இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“அவ பேரைப் படிச்சாங்க,” என்றார். “நான் நின்னுட்டே இருந்தேன். அந்தப் பையன் ‘அக்கா, உங்களைத்தானுங்க’ன்னான். அப்புறந்தான் ஆமாங்கன்னு சொன்னேன்.”

முறத்தை இரண்டு முறை தட்டினார்.

“அந்த மொபெட்டுக்காரன் சொன்னதுக்குப் போடலை. அவ எப்பவும் எதுக்குப் போடுவாளோ அதுலயே குத்திப்போட்டு வந்துட்டேன். எனக்குப் புடிக்காத சின்னந்தான். என்ன பண்றது, அவளுது அல்லோ.”

கள்ள வாக்கை எதிர்த்து நான் கல்லூரியில் கட்டுரை எழுதியவள். புகார் கொடுக்க வேண்டிய முறையும் தெரியும், முகவரியும் தெரியும். அன்றிரவு எதையும் எழுதவில்லை. எழுதியிருந்தால், குற்றம் செய்தவர் என்ற இடத்தில் அத்தையின் பெயர் வந்திருக்கும். அவரை அந்த வேனில் ஏற்றியவளின் பெயர் எங்கும் வந்திருக்காது. அது நீதியாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனமும் அதில் கலந்திருந்ததா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க வரிசை எழுந்தபோது அத்தை எழவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் அவர் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும் எழவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் ஒருவர் நற்கருணை வாங்காமல் உட்கார்ந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். என்ன பாவமோ என்ற பேச்சு பெஞ்சுக்குப் பெஞ்சு நகரும். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று அது நீண்டது. நான் ஒவ்வொரு வாரமும் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றார். கிறிஸ்துமஸ் பூசையில் வாங்கினார்.

சனவரியில் திருத்தம் வந்தது. இம்முறை விசாரணை நாளை முன்கூட்டியே கேட்டு, தெருவுக்கே சொல்லி, வீட்டுக்கு ஒருவரைக் கூலியை விட்டு நிற்க வைத்தோம். அன்று நானும் இருந்தேன். விட்டுப்போன முப்பத்தைந்து பெயர்களும் ஏறின. அத்தை தன் பெயரை அதிகாரி எழுதுவதை அருகில் நின்று பார்த்தார், ஒரு எழுத்தைத் திருத்தவும் சொன்னார்.

அதிகாரி போனதும் என் பையிலிருந்து ஒரு ஏழாம் எண் படிவத்தை எடுத்தேன். இறந்துபோன ஓரகத்தியின் பெயரை நீக்க, உறவினர் என்ற இடத்தில் அத்தையின் கையெழுத்து போதும்.

“அவளுது இருக்கட்டும்,” என்றார் அத்தை.

“இருந்தா மறுபடியும் ஆராச்சும் அதுல போடுவாங்கத்தை. நீங்க பட்ட பாடு போதாதுங்களா?”

“நான் இனி அதுல போட மாட்டேன். சாமியாருகிட்டச் சொல்லிப்போட்டேன்.”

“அப்புறம் எதுக்குங்க அது?”

அத்தை என்னைக் கூர்ந்து பார்த்தார். “நாலு வருசம் இருக்குதுன்னு சொல்லித்தான எங்க பேரை அடிச்ச. இந்த ஆட்சி எத்தனை நாளைக்கு இருக்கும்னு உனக்குத் தெரியுமா கண்ணு?”

ஒரு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் ஐந்து ஆண்டு என்று உடனே சொல்லியிருப்பேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாதி நாள் கூலியாவது கிடைக்கும் என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார்.

அந்தப் படிவத்தை அன்று நான் நிரப்பவில்லை. அதற்குப் பின் வந்த திருத்தங்களிலும் நிரப்பவில்லை.