நாத்தனார் அனுப்பிய ஆட்கள்

என் நாத்தனார் சுந்தரியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால், அவரை வாசலோடு அனுப்பியிருப்பேன். அவள் வாய் அப்படி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அறுபது பெண்கள் அவள் குரலுக்குப் பயந்து மிஷின் ஓட்டினார்கள். அந்தக் குரலைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவளைக் கட்டிக்கொடுத்ததும் அடுத்த தெருவில்தான். என் குழம்பில் உப்பு கம்மி என்றால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அவளுடைய அண்ணன் ரத்தினசாமி, அதாவது என் வீட்டுக்காரர், நேர் எதிர். தோல் பதனிடும் ஷெட்டில், குரோம் உப்பில் தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் ஓட்டுபவர். வீட்டில் பேசுவதே அபூர்வம். தொண்ணூற்றாறில் அவருக்கு இடது விலாவுக்குக் கீழே கனம் கண்டது, சாப்பாடு இறங்கவில்லை, ஆள் இளைத்துப் போனார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக வளரும் வகையாம். மாத்திரையால் சில வருஷம் தள்ளலாம், எலும்பு மஜ்ஜையை மாற்றினால்தான் தீரும், அதற்குக் கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது பொருத்தம் இருக்க வேண்டும் என்றார்கள்.

தம்பி சுப்பராயனுக்குப் பொருந்தவில்லை. சுந்தரிக்கு, ரத்தத்தில் பார்த்த ஆறு குறிகளில் ஆறும் பொருந்தியது. எனக்கும் அவருக்கும் ஜாதகம் பார்த்தபோதுகூட முழுப் பொருத்தம் வந்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பாளா?

"இன்னா அண்ணி, இப்ப தெரிஞ்சிதா எங்க அண்ணனுக்கு யாரு சரின்னு?"

செலவுக்கு என்ன பாடுபட்டோம் என்பது தனிக்கதை, அதை விடுங்கள். தொண்ணூற்றேழில் அவளுடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து அவருக்கு ஏற்றினார்கள். அது பிடித்துக்கொண்டது. பி குரூப்பாக இருந்த மனிதர் சில மாதத்தில் அவளைப் போலவே ஓ குரூப் ஆகிவிட்டார். அதற்கும் மேலே ஒன்று சொன்னார்கள். அவர் ரத்தத்தில் இப்போது ஓடுவதெல்லாம் பெண்ணின் அணுக்கள், பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஆண் பெண் வித்தியாசம் தெரியுமாம். பக்கத்தில் மீசையோடு உட்கார்ந்திருந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தேன். ஷெட் சிநேகிதர் வாஹித் பாஷாதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தோஸ்த், இனிமே பஸ்ஸுல நீ லேடீஸ் சீட்ல குந்திக்கலாம். எவன் கேக்கறான் பார்த்துடலாம்."

இரண்டு வருஷம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு சோதனையில் ஆண் அணுக்கள் தலைகாட்டின. அவருடைய சொந்த ரத்தம் திரும்பி வருகிறது என்று அர்த்தம், சொந்த ரத்தம்தான் நோய். இதைச் சொன்னவர் வேலூரில் அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் பெர்சிஸ். ஒரு மனிதன் தன் ரத்தம் தனக்குத் திரும்பக் கூடாது என்று சாமி கும்பிட வேண்டியிருக்கிறதே, இது என்ன நியாயம்?

"கொஞ்ச வருஷம் முன்னாடின்னா, இந்த நிலைமைல நாங்க கைய விரிச்சிருப்போம்," என்றார் டாக்டர். "இப்ப ஒரு வழி இருக்கு. மருந்து இல்ல. இவங்கதான் மருந்து." அவர் கை காட்டியது சுந்தரியை.

வெள்ளை அணுக்களில் ஒரு வகை வேற்று ஆளைக் கண்டால் விடாதாம். முதல் தடவை அவை அண்ணன் உடம்பையே எதிரி என்று நினைத்து அடித்துவிடக் கூடாதே என்று, மருந்து கொடுத்து அடக்கி வைத்திருந்தார்கள். இப்போது அந்த மருந்தை நிறுத்திவிட்டு, புதிதாக அவளிடமிருந்து அந்த அணுக்களை மட்டும் எடுத்து உள்ளே அனுப்பப் போகிறார்கள். அவை நோயைத் தேடிப் பிடித்துக் கொல்ல வேண்டும்.

"எது நோய்னு அதுங்களுக்கு எப்டி டாக்டர் தெரியும்?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கே இன்னும் முழுசா புரியலம்மா," என்று சிரித்தார் அவர்.

மிஷினுக்குப் பக்கத்தில் சுந்தரி இரண்டு கையையும் நீட்டிப் படுத்திருந்தாள். ரத்தம் ஒரு கையிலிருந்து குழாய் வழியாகப் போய், மிஷினுக்குள் சுற்றி, வேண்டியதை மட்டும் அங்கே விட்டுவிட்டு மறு கை வழியாக அவளுக்கே திரும்பியது. கடைசியில் கிடைத்தது ஒரு சின்னப் பை. சாத்துக்குடிச் சாற்றில் மாதுளை கலந்தது போல ஒரு நிறம். இதுவா என் தாலியைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தேன். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் அது அவருக்குள் இறங்கி முடிந்துவிட்டது.

அந்த அணுக்கள் நோயோடு சேர்த்துத் தோல், ஈரல், குடல் மீதும் கை வைக்கலாம் என்று டாக்டர் எச்சரித்தார். தோலில் கொஞ்சம் வந்தால் அவை வேலையைத் தொடங்கிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம், ஜாஸ்தியானால் உயிருக்கே ஆபத்து. எதுவானாலும் உடனே வரச் சொன்னார்.

இங்கேதான் எங்கள் ஊர் புத்தி குறுக்கே வந்தது. ஒரு மாதம் கழித்து இவர் பொழுது போகவில்லை என்று ஷெட்டுக்குப் போனார். வேலை செய்யக் கூடாது என்று தெரியும், ஆனால் டிரம்மிலிருந்து ஈரத்தோல் இறங்குவதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்குமா? மறுநாள் உள்ளங்கையெல்லாம் சிவந்து அரித்தது. இந்தப் பக்கம் தோல் ஷெட்டில் வேலை செய்யும் யாருக்கும் குரோம் சொறி புதிதல்ல. இருபது வருஷமாக அவருக்கு வந்து போவதுதான். அதற்கு யாராவது வேலூருக்கு பஸ் ஏறுவார்களா? மெடிக்கல் கடையில் வழக்கமான சின்ன வெள்ளை மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். அரிப்பு அடங்கியது. என்னிடமும் பழைய சொறி என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சுந்தரி, அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

"இது இன்னா?"

"சொறிக்கு. ஷெட்டுக்குப் போய்ட்டு வந்தேன்."

"டாக்டர கேட்டியா?"

"சொறிக்கெல்லாமா டாக்டரு?"

அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் விடிந்ததும் அண்ணனை பஸ்ஸில் ஏற்றினாள். நானும் பின்னால் ஓடினேன்.

டாக்டர் பெர்சிஸ் இவர் கையைப் பார்த்தார். பிறகு காதை மடக்கிப் பின்னால் பார்த்தார். அங்கேயும் சிவப்பு.

"காதுக்குப் பின்னாடியுமா குரோம் பூசினீங்க?"

டாக்டர் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். உள்ளே அனுப்பிய ஆட்களைக் கட்டிப்போடுகிற மாத்திரை அது, இனி தொடக் கூடாது என்றார். அவர்கள் வேலையைத் தொடங்கியதும் இவரே அவர்கள் கையைக் கட்டிவிட்டிருக்கிறார். கட்டு அவிழ்ந்த பின் திரும்ப எழுவார்களா என்று நான் கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

எழுந்தார்கள். எப்படி எழுந்தார்கள்! கை, முதுகு, முகம் எல்லாம் தீயாகச் சிவந்தது, தோல் உரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பேசாத மனிதர் குழந்தை மாதிரி கத்தினார். "அந்த மாத்திரைய குடுங்க! உன் ரத்தம்தான்டி என்ன திங்குது, நிறுத்தச் சொல்லு!" என்று தங்கையைப் பார்த்துக் கும்பிட்டார். கண் மஞ்சளாகாத வரை, வயிறு கெடாத வரை பொறுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் வந்து இவர் கண்ணை விரித்துப் பார்ப்பார். நாங்கள் டாக்டர் முகத்தைப் பார்ப்போம்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த சுந்தரி, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்தே பேசினாள். லைனில் நிற்கும் பெண்களை விரட்டுகிற அதே குரல்.

"ஏன்டி, தோல்ல இன்னாடி வேலை உங்களுக்கு? எலும்புக்குள்ள போங்கடி. அங்கதான் அவன் ஒளிஞ்சிருக்கான். ஒருத்தனையும் விடாதீங்க."

வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உடம்பில் பிறந்தவை வேறொரு உடம்புக்குள் போய்ப் போர் செய்கின்றன, அவள் வெளியே உட்கார்ந்து அதட்டுகிறாள். இதைவிட ஒரு அதிசயத்தை எந்தக் கோயிலிலும் நான் பார்த்ததில்லை. அன்று மனதுக்குள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே சொல்லவில்லை, சொன்னால் அவளைப் பிடிக்க முடியாது.

சிவப்பு மெல்ல அடங்கியது. புதுத்தோல் வந்தது. "உன்னையே உன் தங்கச்சி பதம் போட்டுட்டாடா," என்றார் பார்க்க வந்த வாஹித் பாஷா. அடுத்த சோதனையில் ஆண் அணுக்கள் குறைந்திருந்தன. அதற்கடுத்ததில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் இரண்டாவது முறையும் பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் எங்களிடம் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சுந்தரி மட்டும், "கம்பெனில என் லைன் இன்னா கதியாச்சோ," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகும் எங்கள் சண்டைக்குக் குறைவில்லை. இவருக்குக் கோபம் வந்தால் மட்டும், "உங்க தங்கச்சி ரத்தம் பேசுது," என்பேன். அவளும் சிரித்துவிடுவாள்.

இரண்டாயிரத்தேழு ஆடி மாதம், சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை இவர்தான் கொண்டுபோய்ப் போர்த்தினார். கம்பெனியிலிருந்து வந்த பெண்கள் தெருவை அடைத்துக்கொண்டு அழுதார்கள். இவர் அழவில்லை. அவள் கையைப் பிடித்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து வருஷாந்திரச் சோதனைக்கு வேலூர் போனோம். முடிவு வாங்கப் போன இடத்தில் நிஷா என்று ஒரு புதுப்பெண் இருந்தாள். எங்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. தாளைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"சார், எல்லாமே டோனரோட அணுக்கள்தான். உங்களோடது ஒண்ணுகூட இல்ல. தங்கச்சிதானே டோனர்? எப்படி இருக்காங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சட்டைக்கையை முழங்கை வரை ஏற்றி, மணிக்கட்டின் நரம்பைத் தடவிப் பார்த்தார். அவள் போனதிலிருந்து அழாத மனிதருக்குக் கண்ணீர் கரகரவென்று இறங்கியது.

"நல்லா இருக்காம்மா," என்றார்.