கயிற்றுக்குள்

மகளைத் தாய்லாந்து பாக்ஸிங்கில் சேர்க்கத் தாம்பரம் போயிருந்தேன். அங்கே அடித்த தைல வாசனை, பத்து வயதில் பல்லாவரத்தில் நான் பழகிய ரிங்குக்கே இழுத்துப் போனது.

அதன் மேல் கயிற்றில், தாய்லாந்து பிக்குகள் மந்திரித்துக் கொடுத்த தாயத்தை மாஸ்டர் கட்டியிருந்தார். ரிங்குக்குள் போகவும் வரவும் பையன்கள் கயிற்றைத் தாண்டுவார்கள். பெண்கள் அடியில்தான் தவழ வேண்டும்.

ஒருநாள் போட்டியில் ஜெயித்ததும் மாஸ்டரிடம் கேட்டேன்: "புத்தரா சார் இப்படிச் சொன்னாரு?"

"அவர் சொல்லலம்மா. நீ தாண்டுனா தாயத்தோட பவர் போயிடும். குனிஞ்சு வா."

தவழ மனமில்லை, தாண்டத் தைரியமில்லை. எல்லோரும் பார்க்க நடுவிலேயே நின்றேன். அப்பா எழுந்து வந்தார். எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"மானத்த வாங்காதம்மா, வா."

தவழ்ந்து வெளியே வந்தேன்.

"அம்மா, எப்படி உள்ள போணும்?" என்று தாம்பரம் ரிங்கின் கயிற்றருகே நின்று மகள் கேட்டாள்.

தாண்டிப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் முன்பே, மேல் கயிற்றில் தாயத்து இருக்கிறதா என்று பார்த்தேன்.