உப்புக் கட்டி

நெஞ்சு வலியென்று சிலாபம் ஆஸ்பத்திரிக்கு நான் முதல் தடவை போன அன்று, இருதயக் கிளினிக் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். பாலாவி உப்பளத்தில் வேலை. வெயிலில் கறுத்த ஒடிசலான மனிதர். விரல் மொளிகளில் சுண்டைக்காய் அளவில் கட்டிகள். அவற்றைப் பெருவிரலால் ஓயாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"வலிக்குதா நானா?" என்று கேட்டேன்.

"வலி ஒண்டுமில்ல தம்பி. எங்கட வாப்பாக்கும் இருந்திச்சி, கூடப்பொறந்த நானாக்கும் இருந்திச்சி. உப்பு வாருற கைக்கு வாற கட்டியெண்டுதான் நெனச்சம். ரெண்டு பேரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு மௌத்தானாங்க, நாப்பது வயசாக முந்தி. அதையும் இதையும் நாங்க சேத்துப் பாக்கல்ல."

போன மாதம் டொக்டர்தான் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அது உப்பால் வந்ததல்ல, பரம்பரையாக இரத்தத்தில் கூடும் கொழுப்பு என்று சொன்னாராம்.

"நான் கலியாணம் முடிச்சதும் வாப்பாட தங்கச்சி மகளத்தான். அவவுக்கும் அந்தக் கொழுப்பு இருக்காம்."

"குளிசை இருக்குத்தானே நானா, பயப்படாதீங்க" என்றேன்.

தண்ணீர் குடிக்கப் போயிருந்த அவருடைய மகள் வந்து அவர் மறுபக்கத்தில் அமர்ந்தாள். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். அவர் அவளுடைய கையை எடுத்து என் முன்னால் நீட்டினார். அந்தச் சின்ன மொளிகளிலும் மஞ்சளாகக் கட்டிகள்.

"இவ உப்பளத்துல காலே வெச்சதில்ல தம்பி."

தாதி நம்பரைக் கூப்பிட்டார். நம்பர் எழுதிய துண்டு பிள்ளையின் கையில் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் என் பிள்ளைகளின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால், இளவயதிலேயே மௌத்தான என் வாப்பாவின் கைகள் எப்படி இருந்தன என்று எவ்வளவு யோசித்தும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.