மகனை விட்டுக்கொடுக்காத அத்தை

பக்கத்து வீட்டு முத்தம்மாள் அத்தைக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு நான்தான் மனுப் போட்டேன். திருப்பூர் போன ஒரே மகனிடமிருந்து காசும் இல்லை, போனும் இல்லை. எங்கள் கடலாடிப் பக்கத்தில் கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை செய்துதான் அத்தை கஞ்சி குடிக்கிறார்.

கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்த அன்று நான் மிளகாய்க் காட்டில் இருந்தேன். அத்தை நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அவருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். "மகன் பாத்துக்கிறாரா?" என்று கேட்டதற்கு, "எம்புள்ள என்னைய ராசாத்தியாட்டம் வச்சிருக்கான்யா" என்றாராம். பிள்ளை கவனித்தால் உதவித்தொகை கிடையாது. மனு தள்ளுபடி.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வீடு தேடி வந்த அசலாள்கிட்ட, பெத்த புள்ள சோறு போடலன்னு எப்படிடி சொல்லுவேன்?" கரி படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடியும் மனுப் போட்டிருக்கிறோம். இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு விசாரணை வந்தாலும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்கிறேன். பெற்றவள் சொல்லக் கூசுவதை நான் சொல்லிவிடுகிறேன். ஊரான் பிள்ளைகளைக் குறை சொல்கிறவள் என்று என்னை ஏசுகிறார்கள். ஏசட்டும். அத்தை இன்றைக்கும் கரிமூட்டத்துக்குத்தான் போயிருக்கிறார்.