தகர வளையமும் மூன்று இரட்டைத் தடிகளும்

நீங்கள் திருடினீர்கள். வேறு நல்ல சொல் தேடி நான் மினக்கெட மாட்டேன். கொழும்பில் விளக்குக் கடை வைத்திருக்கிறீர்கள். ஹோட்டல்களுக்கு அலங்கார விளக்குச் செய்து கொடுக்கிறீர்கள். உங்கள் படம் வாரப் பத்திரிகையில் வருகிறது. அந்தப் படத்தில் உங்கள் தலைக்கு மேல் தொங்குவது என் கரப்பு.

கரப்பு என்றால் என்னவென்று கொழும்பு ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். குளம் வற்றி முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வரும்போது கவிழ்த்து மீன் பிடிக்கிற கூடு. மெல்லிய தடிகளை வட்டமாக நிறுத்திக் கொடியால் வரிந்து கட்டுவது. கீழே அகலம், மேலே ஒடுக்கம். மேல் ஓட்டையால் கையை விட்டு மீனை எடுப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த எனக்கு, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காணிக்கு வந்த பிறகுதான் அது கட்டத் தெரியவந்தது. என் கரப்பை நானே கட்டினேன். ஒருநாள் எருமை மிதித்து மூன்று தடி முறிந்தது. அவிழ்த்துக் கட்டப் பஞ்சிப்பட்டு, முறிந்த தடிகளுக்கு மேலேயே புதுத் தடிகளை வைத்து இரட்டையாகக் கட்டிவிட்டேன். அதனால் ஒரு பக்கம் மட்டும் தடித்து, வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

என் தங்கச்சியின் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்ட மாலை, முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் பெற்றோல்மாக்ஸ் லாம்பு இரவல் வாங்கி முற்றத்து வேம்பில் கட்டினோம். நாங்கள் அரிக்கன் லாம்புக்குப் பழகியவர்கள். எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் இருந்த பெண்களின் கண்ணை அந்த வெளிச்சம் குத்தியது.

"உதென்ன வெளிச்சமடி! பணியாரம் வெந்ததோ கருகினதோ எண்டு தெரியேல்லை!"

நான் குசினிக் கூரையில் செருகியிருந்த கரப்பை எடுத்துவந்து, அதன் மேல் ஓட்டையால் கம்பியை விட்டு, லாம்பு உள்ளே தொங்கும்படி கட்டினேன்.

"மீனுக்குக் கவிழ்க்கிறதை லாம்புக்குக் கவிழ்த்துப்போட்டாள்," என்றாள் மச்சாள். "மாப்பிள்ளை ஓடாமல் அவருக்கும் ஒண்டு கவிழ்த்துவிடடி!"

"முதல் உன்ரை மனிசனுக்குக் கவிழ்க்கிறன். அவர்தான் கள்ளுத் தவறணைப் பக்கம் ஓடுறவர்."

சிரித்து முடிய முதல் கரிந்த மணம் வந்தது. லாம்பின் தலைச் சூட்டில் கரப்பின் வாய் எரியத் தொடங்கியிருந்தது. இறக்கி, கருகியதை வெட்டி, ஓட்டையைப் பெருப்பித்து, பிஸ்கற் தகரத்தில் ஒரு வளையம் வெட்டி வாயில் போட்டேன். தகரம் கையைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. திரும்பக் கட்டியபோது எரியவில்லை. தடித்த பக்கத்தைத் தாச்சிப் பக்கம் திருப்பினேன். பெண்களின் முகத்தில் நிழல் விழுந்தது. மற்றப் பக்கமெல்லாம் வெளிச்சம் கோடு கோடாக வேலிவரை ஓடியது. நான் செய்தது வடிவாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அங்கே நீங்கள் இருந்தீர்கள். நீர்ப்பாசன ஓவசியர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, கதிரையில் இருந்து, கொப்பியில் வரைந்துகொண்டிருந்தீர்கள்.

"அக்கா, இந்த வளையம் எதுக்கு?"

"சூட்டுக்குத் தம்பி."

"இந்தப் பக்கம் ஏன் தடிப்பு?"

"எருமை மிதிச்சது."

சிரித்தீர்கள். அதையும் எழுதினீர்கள். கலியாணம் முடிந்து போகும்போது கரப்பைக் கேட்டீர்கள். கலியாண வீட்டுக்கு வந்தவர் வாய் திறந்து கேட்டால் எங்களில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. குளம் வற்றுகிற காலம் வருகிறதே என்றுகூட யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தேன். நான் விட்ட பிழை அதுதான்.

சில வருடம் கழித்து, பள்ளிக்கூட வாத்தியார் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். நீங்கள் சொன்னதை உரத்து வாசித்தார். வளையம் வன்னி அரசரின் மணிமுடியாம். தடித்த பக்கம் குளத்து அலையாம். காட்டில் தனியே நடந்தபோது எல்லாம் உங்கள் மனதில் தோன்றியதாம். படத்திலிருந்த அந்தச் சின்ன மின்சாரக் குமிழுக்கு வளையம் எதுக்கு? அது எதை எரிக்கப்போகிறது? காரணமே இல்லாத இடத்தில் பித்தளையில் வளையம் போட்டிருக்கிறீர்கள்.

"இது நான் செய்தது," என்றேன்.

"கரப்பு எல்லாற்றை வீட்டிலையும் கிடக்குது," என்றார் வாத்தியார். "அதைக் கலையாக்கினது அவரெல்லோ?"

"எல்லாற்றை கரப்பையும் எருமை மிதிச்சதோ?"

கடை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பட்டம் 'எருமை டிசைன்காரி'. கண்ணால் கண்ட மச்சாளே, "விடடி, கொழும்பு ஆளோடை உனக்கென்ன கதை" என்கிறாள். ஊரில் நான் பொய்க்காரி.

உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பதிலாக பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே விளக்கு. கூடவே ஒரு அட்டை: 'விளக்குகளை விரும்பும் அக்காவுக்கு, என் படைப்பு.' எங்கள் ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை ஐயா. வயரும் பிளக்கும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஊர் பார்க்க அதைக் குளத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். இரண்டு தடி உடனே பறந்தது. குளத்து ஜப்பான் மீன் ஒன்று என் காலுக்கிடையால் போனது. கரையில் நின்றவர்கள் திரும்பவும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் உடைந்ததைக் கையில் வாங்கித் தடித்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். மூன்று இரட்டைத் தடிகள். ஒவ்வொன்றிலும் உள்ளே இருந்த தடி நடுவில் முறிந்திருந்தது. தண்ணீரில் முறிந்ததல்ல. முறிவின் மேலேயே வார்னிஷ் பூசியிருந்தது. என் கரப்பைப் பார்த்துச் செய்தவர்கள், எருமை முறித்ததைக்கூட விடாமல், புதுத் தடியை முறித்து வைத்திருக்கிறார்கள்.

வாத்தியாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓம், இது உங்கடைதான்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எனக்கு மட்டும் கேட்டால் போதாது. அந்த உடைந்த துண்டை வைத்திருக்கிறேன். தபாலில் பதில் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். அரசரின் முடி என்று சொன்ன அதே பத்திரிகையில், உங்கள் படத்துக்குக் கீழே, சங்கக்கடையில் உரத்து வாசிக்கக்கூடியதாக எழுதுங்கள்: குளத்து அலைக்குள் முறிந்த தடி எப்படி வந்தது?